ஹொக்கிக்கு எந்தக் கோச்? ஆடியவரா, படிப்பிக்கத் தெரிந்தவரா?

எங்கள் பாடசாலை ஹொக்கி அணிக்குக் கோச் தேடியபோது மூன்று பேரின் விவரம் கிடைத்தது. திருகோணமலையில் உதைபந்து கோச் வேண்டுமென்றால் தெருவுக்கு ஒருவரைப் பிடிக்கலாம். ஹொக்கிக்கு மூன்று பேர் அகப்பட்டதே பெரிய காரியம்.

ஒருவர் படை அணியொன்றில் பல வருடம் ஆடி ஓய்வுபெற்றவர். இரண்டாமவர் கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்த டீச்சர். ஆடியது வலய மட்டம் வரைதான். மூன்றாமவர் எங்கள் பழைய மாணவர், காசு வேண்டாம் என்று முன்வந்தவர். ஆளுக்கு ஒரு பின்னேரம் கொடுத்துப் பார்த்தோம்.

பழைய மாணவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் சோடாவும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் முன்னுக்கு நின்ற பிள்ளையைப் பார்த்து "ஓஃப்சைட்!" என்று கத்தினார். ஹொக்கியில் அந்த விதியை 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். எதிரணியின் தவறுக்காக ஃப்ரீ ஹிட் கிடைத்தவர் யாருக்கும் கொடுக்காமல் தானே பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்று 2009இல் வந்ததும் அவருக்குத் தெரியவில்லை. மேட்சில் இதற்குத் தண்டனை வாங்கப்போவது பிள்ளைகள்.

உண்மையான போட்டி மற்ற இருவருக்கும்தான். படை அணிக்காரர் மட்டையைத் தொட்டதுமே பிள்ளைகளுக்கு வாய் பிளந்துவிட்டது. ஓடிக்கொண்டே பந்தை இடமும் வலமும் மாற்றும்போது மட்டை சுழல்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. "எப்பிடி சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் இன்னொரு தரம் செய்துகாட்டினார். அது மறுபடியும் கேட்டது, அவர் மறுபடியும் செய்துகாட்டினார், இன்னும் வேகமாக. அவருடைய கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவர் ஆடிப் பழகியது செயற்கைத் தரையில். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஹொக்கியெல்லாம் அந்தத் தரைக்குப் போய்விட்டது. அங்கே பந்து வழுக்கிக்கொண்டு நேராக வரும். மட்டையைத் தரையோடு படுக்கவைத்துத் தடுக்கலாம். எங்கள் மைதானத்தில் பாதி மணல், பாதி புல், நடுவில் மான்கள் மேய்ந்துவிட்டுப் போன அடையாளம். படுக்கவைத்த மட்டைக்கு மேலால் பந்து துள்ளி முழங்காலுக்குக் கீழே அடித்தது. இங்கே மட்டையை நிமிர்த்திப் பிடித்தால்தான் சரி. அதை அவர் கவனிக்க அரை மணி நேரம் போய்விட்டது.

டீச்சர் வரும்போது ஒரு பையில் பிவிசி குழாய்த் துண்டுகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் அரைச் சாண் நீளம். கைப்பிடிப் பக்கமாக மட்டையில் நுழைத்து, வலக்கையால் குழாயை மட்டும் பிடிக்கச் சொன்னார், இடக்கை மேலே. விஷயம் இதுதான்: ஹொக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை. உருண்டைப் பக்கம் பந்தில் பட்டால் தவறு. அதனால் பந்தை மறுபக்கம் இழுக்க மட்டையைத் திருப்பியே ஆக வேண்டும். திருப்புவது இடக்கையின் வேலை. புதுப்பிள்ளைகள் வலக்கையால் முறுக்குவார்கள், பந்து எங்கேயோ போகும். குழாய் இருந்தால் வலக்கை முறுக்கினாலும் மட்டை அசையாது. பத்து நிமிடத்தில், அதே "எப்பிடி சேர்" பிள்ளை தலையை நிமிர்த்திக்கொண்டு பந்தை உருட்டியது.

ஆடிய அனுபவமே வேண்டாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் பாஸ்கரன் பிறகு அதே அணிக்குக் கோச்சானவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் கோச்சாக இருந்து இந்திய ஆண்களுக்கு வெண்கலம் வாங்கிக்கொடுத்த கிரஹாம் ரீட், 1992இல் ஆஸ்திரேலியாவுக்காக வெள்ளி வென்றவர். ஆனால் அவர்கள் கையில் கிடைத்தது ஏற்கெனவே ஆடத் தெரிந்த ஆட்கள். எங்களுக்கு வருவதோ, மட்டையைத் துவக்கு மாதிரித் தூக்கிப்பிடிக்கிற பதின்மூன்று வயது.

டீச்சரிலும் குறை இருக்கிறது. கோலுக்குக் கிட்ட எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கோர்னரில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறை, அதை எதிரணி இரண்டாம் தடவையே பிடித்துவிடும். ஆட்டம் இறுகும்போது யாரை மாற்றுவது என்பதும் புத்தகத்தில் வராது. அந்த இடத்தில் படை அணிக்காரருக்குக் கிட்ட யாரும் நிற்க முடியாது.

கடைசியில் டீச்சர் தலைமைக் கோச். படை அணிக்காரர் சனிக்கிழமைகளில் கோர்னருக்கும் மேட்ச் நாளுக்கும். பழைய மாணவரிடம் கோல்கீப்பர் பாட் வாங்கித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறோம்.