மருமகன் போட்ட சாட்சிக் கையெழுத்து

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் யாராவது சொந்தமாக ஒசியத்து, அதாவது உயில், எழுதி வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துச் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள்.

வக்கீலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று அப்பா 2019இல் ஒரு ஜெராக்ஸ் கடையில் 300 ரூபாய்க்கு அச்சடித்த படிவம் வாங்கினார். பெயர், சர்வே நம்பர், எத்தனை சென்ட், எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு. கை நடுங்க நடுங்க நீலப் பேனாவால் அவரே நிரப்பினார். வீடும் 12 சென்டும் எனக்கு. கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்றேன். "யாரானாலும் ரெண்டு பேர் போதும், சேச்சி, உங்க வீட்டுக்காரரே போடட்டும்" என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் போட்டார்கள். ரெஜிஸ்டரும் செய்தோம்.

அப்பா 2022இல் போனார். போக்குவரவுக்கு, அதாவது நிலத்தை என் பெயருக்கு மாற்ற, வில்லேஜ் ஆபீசில் மனு கொடுத்ததும் பெரியண்ணன் ஆட்சேபம் எழுதிப் போட்டான். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஒசியத்தைப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், 67ஆம் பிரிவு. சாட்சி போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ எழுதிய சொத்து செல்லாது. ஒசியத்து நிற்கும், எனக்கு எழுதியது மட்டும் விழுந்துவிடும். ரெஜிஸ்டர் செய்ததால் இந்த ஓட்டை அடைபடாது. அதில் வேறு சொத்தே இல்லை, அம்மாவும் முன்னமே போய்விட்டாள். ஆக மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. அந்தச் சமபங்கும் கேரளக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் போட்ட வழக்கில் 1986இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் புண்ணியம். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி என்றால் மகன் பங்கில் கால்வாசி, இல்லாவிட்டால் 5000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். இதே மாதிரி ஒரு இந்துக் குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்து ஒரு தடங்கலும் வரவில்லையாம். வராதுதான். அந்த 67ஆம் பிரிவு இந்துக்களின் ஒசியத்துக்குப் பொருந்தாது. எங்கள் வீட்டில் பைபிளுக்குள்தான் அந்த ஒசியத்தே இருந்தது என்பதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எழுதிய பிறகு அந்த ஒசியத்து மூன்று வருடம் அப்படியே கிடந்தது. அப்பா இருக்கும்போதே இன்னொரு தாளில் திரும்ப எழுதி, பங்கு இல்லாத வெளியாள் இரண்டு பேர் அவர் கண்முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். முத்திரைத்தாள்கூட வேண்டாம்.

சின்னண்ணன் தன் பங்கை எனக்கு விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டான். பெரியவன் தன் 4 சென்டுக்கு ரோட்டோர விலை கேட்கிறான். போன மாதம் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதை நகலெடுக்க அந்தக் கடைக்கே போக வேண்டியிருந்தது. கிளிப்பில் அதே படிவம் தொங்குகிறது, இப்போது 400 ரூபாய்.