சுரங்கக் கழிவு மேடு சீரமைப்புச் சேவை: ஐந்துக்கு மூன்றரை

சேலம் கருப்பூர்ப் பக்கம், எங்கள் ஏரியைச் சுற்றிப் பழைய மேக்னசைட் சுரங்கத்தின் கழிவு மேடுகள் மூன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நரம்பு நரம்பாக ஓடிய வெள்ளைக் கல்லை உருக்காலைச் சூளைகளுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சப் பாறையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் சேறு இறங்கி மதகை அடைக்கிறது. பாசன விவசாயிகள் பணம் போட்டு, சீரமைப்புத் திட்டம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

மூன்றுக்கும் காசு போதாது. எதில் தொடங்குவது? ஊரார் காட்டியது நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணில் படும் பெரிய மேட்டை. (பிரமுகர்கள் மரம் நடவும் அதுதான் தோது.) வந்த பொறியாளர் அம்மா அதைக் கடைசிக்குத் தள்ளினார், அதில் விழும் மழைநீர் பழைய குழிக்குள்ளேயே இறங்கிவிடுகிறதாம். ஏரிக்கு நேர் மேலே உள்ள சின்ன மேட்டில்தான் ஆள் இறங்கும் ஆழத்துக்கு அரிப்பு, உச்சியில் வெடிப்பு, அடிவாரத்தில் வீடுகள். முதலிடம் அதற்கு. இந்த ஒரு முடிவுக்கே கொடுத்த கட்டணம் தகும்.

"வெள்ளை மண்ணாயிற்றே, சுண்ணாம்புச் சத்து இருக்குமே?" என்றார் என் பெரியப்பா. அந்த அம்மா நீர்த்த அமிலத்தைக் கல்லின் மேல் சொட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பாலான முட்டை ஓட்டில் விட்டார், நுரைத்துப் பொங்கியது. "இது மெக்னீசியம், ஐயா. கால்சியம் குறைவு, அதனால்தான் செடி தேறுவதில்லை" என்றார். சரிவைப் படிப்படியாக வெட்டி, கால்சியம் தரும் ஜிப்சமும் ஏரி வண்டலும் பரப்பி, தென்னைநார் விரிப்புப் போட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் கொழுஞ்சியும் விதைக்க வேண்டுமாம். மரமெல்லாம் புல் பிடித்த பிறகுதான். இந்தப் பாறையில் நிக்கலும் குரோமியமும் உண்டு என்பதால் கிணற்று நீரையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

இனி குறை. அறிக்கை முழுக்க ஆங்கிலம். தமிழ்ச் சுருக்கம் கேட்டு நடையாய் நடந்தோம். மேட்டில் கை வைக்குமுன் புவியியல் மற்றும் சுரங்கத் துறையைக் கேட்க வேண்டும் என்பதை, நாங்களாக விசாரிக்கும் வரை அவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை. 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்தில் வந்த, சுரங்கத்தால் பாதித்த ஊர்களுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளை நிதிக்கு மனுப் போடும் யோசனையும் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியாகக் கிடந்தது. பணமில்லாதவன் முதலில் தேடுவது அதைத்தானே?

அழைப்பவர்கள் தமிழ் அறிக்கையையும் அனுமதி வேலையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.