டர்பனில் மலிவு ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? கட்டிடத்தின் கணக்கைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கடற்கரையோரமுள்ள சவுத் பீச், பாயின்ட் பக்கம் ஃபிளாட் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து, வாடகையிலேயே சம்பளம் கரைகிறதே, சின்னதாக ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு. ஒரு பெட்ரூம், கடல் தெரியும் பால்கனி, விலை 4,20,000 ராண்ட். இந்திய ரூபாயில் சுமார் இருபது லட்சம். கேட்டதும் யாருக்கும் ஆசை வரும். உம்லாங்கா பக்கம் போனால் இந்த விலைக்கு நினைத்தே பார்க்க முடியாது.

இவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறது என்பதற்கான பதில் வீட்டுக்குள் இருக்காது. கட்டிடத்தின் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கை மறைத்துத்தான் எங்கள் தலையில் கட்டினார்கள்.

இங்கே அடுக்குமாடி வீடு பெரும்பாலும் செக்‌ஷனல் டைட்டில் முறையில் இருக்கும். சுவருக்குள் இருப்பது உங்களுடையது. லிஃப்ட், கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் பொது. உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்தது பாடி கார்ப்பரேட். பத்திரம் உங்கள் பெயருக்கு மாறியதுமே நீங்களும் அதில் உறுப்பினர். எனக்கு வேண்டாம் என்று விலக முடியாது. மாதாமாதம் லெவி கட்ட வேண்டும். ஊரில் அசோசியேஷனுக்குக் கட்டும் மெயின்டனன்ஸ் மாதிரிதானே என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் ஒருவர் கட்டாவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு நாள் சண்டை நடக்கும், அப்புறம் அடங்கிவிடும். இங்கே பாக்கிக்கு வட்டி ஏறும், வக்கீல் கடிதம் வரும், அந்த வக்கீல் செலவும் உங்கள் கணக்கிலேயே சேரும். முற்றிப்போனால் வீடு ஏலத்துக்கே போகும்.

எங்களுக்கு வீடு காட்டிய ஏஜென்ட் கோயிலில் பழக்கமானவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். என் வீட்டுக்காரரை "தம்பி" என்பார், என்னை "தங்கச்சி" என்பார், மற்றதெல்லாம் இங்கிலீஷ். காவடித் திருவிழாவில் பந்தி பரிமாறுகிறவர். அப்படிப்பட்டவரிடம் சந்தேகம் எங்கிருந்து வரும்? லெவி எவ்வளவு என்று கேட்டோம். ஒரு பில்லைப் படம் எடுத்து அனுப்பினார்: 2,350 ராண்ட். கூட்ட மினிட்ஸும் வருடக் கணக்கும் வேண்டும் என்று கேட்டோம். "அதெல்லாம் கன்வேயன்சர் பார்த்துக்குவார்" என்றார். எழுத்திலும் கேட்டோம். இன்னொரு பார்ட்டி முன்பணத்தோடு காத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து ஆகாவிட்டால் வீடு போய்விடும் என்று பதில் வந்தது.

கன்வேயன்சர் என்பவர் பத்திரத்தை மாற்றித் தரும் வக்கீல். இங்கே வழக்கப்படி அவரை நியமிப்பது விற்பவர், ஃபீஸ் கட்டுவது வாங்குபவர். பாக்கி லெவி, முனிசிபாலிட்டி பாக்கி எல்லாம் தீர்ந்ததற்குச் சான்றிதழ் வாங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் பதிவு செய்வது அவர் வேலை. கூரை ஒழுகுகிறதா, கட்டிடத்தின் கையிருப்பு காலியா என்றெல்லாம் உங்களுக்காக அவர் துருவிப் பார்க்க மாட்டார். எங்கள் கன்வேயன்சர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். பத்திரத்தில் ஒரு வில்லங்கமும் இல்லை.

வீடு எங்கள் பெயருக்கு மாறி முதல் பில் வந்தது. லெவி 2,780. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஸ்பெஷல் லெவி 1,940. இது போக முனிசிபாலிட்டி ரேட்ஸ் என்ற சொத்து வரி, கரண்ட் தனி. பாடி கார்ப்பரேட்டுக்காகக் கட்டிடக் கணக்கைக் கவனிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள். இரண்டு லிஃப்டை மாற்றவும் வெளிப்புறக் காங்கிரீட்டைச் சரிசெய்யவும் நாங்கள் வாங்குவதற்கு முன்பே தீர்மானம் போட்டாகிவிட்டதாம். எல்லோரும் முப்பது மாதத் தவணையில் கட்ட வேண்டுமாம். மினிட்ஸ் கேட்டேன். அன்று மதியமே ஈமெயிலில் வந்துவிட்டது. ஏஜென்டால் கடைசி வரை தர முடியாத அதே மினிட்ஸ்.

அதைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. பாடி கார்ப்பரேட்டை நடத்தும் டிரஸ்டிகள் பட்டியலில் எங்களுக்கு வீடு விற்றவரின் பெயர். ஸ்பெஷல் லெவி தீர்மானத்தை வழிமொழிந்தவரும் அவரே. ஏஜென்ட் அனுப்பிய பில் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். இடது ஓரத்தில் கட்டிடத்தின் பெயர் முழுதாக இருக்கிறது. வலது மேல் மூலையில், தேதி இருக்க வேண்டிய இடத்தில், படம் வெட்டப்பட்டிருக்கிறது. லெவி உயர்வதற்கு முந்தைய பில் அது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். செக்‌ஷனல் டைட்டில் கட்டிடங்களின் நிர்வாகத்துக்கென்று 2011-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டம் இருக்கிறது. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஸ்பெஷல் லெவி தீர்மானம் போட்ட நாளில் யார் உரிமையாளரோ அவர்தான் பொறுப்பு. ஆனால் இடையில் வீடு கைமாறினால், கைமாறிய தேதியிலிருந்து வரும் பங்கு வாங்கியவர் தலையில் விழும். பாக்கி இல்லை என்ற சான்றிதழ் டிரான்ஸ்ஃபர் வரைக்குமான பணத்தைத்தான் சொல்கிறது. தவணையில் போகும் ஸ்பெஷல் லெவியை மறைத்து விற்க இந்த இடைவெளி போதும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி வாங்கியிருந்தால் மட்டுமே தப்பலாம்.

காங்கிரீட் விஷயத்துக்கு வருகிறேன். வீடு பார்க்கப் போனபோது பால்கனியின் மேற்கூரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. புதுப் பெயின்ட், பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னார். முதல் பெருமழைக்குப் பிறகு அந்த வெள்ளையில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. அப்புறம் ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. துணி காயப்போடும் ஸ்டாண்ட் மேல் விழுந்ததால் யாருக்கும் அடியில்லை. அண்ணாந்து பார்த்தால் உள்ளே கம்பி அடுக்கடுக்காகத் துருவேறி உதிர்கிறது. கடற்காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி உப்பி, சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்துப் பழைய கட்டிடங்களில் இது சாதாரணம். பெயின்ட் அடித்தால் கொஞ்ச காலம் மறைந்திருக்கும், அவ்வளவுதான். பார்க்கப் போகிறவர்கள் பால்கனிக்கு அடிப்பக்கம், பார்க்கிங் கூரை, மொட்டைமாடி விளிம்பு மூன்றையும் பாருங்கள். அந்த வீட்டில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்து மற்ற மாடிகளில் பழையதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

சொத்து ஏஜென்ட்களுக்கான புதுச் சட்டம் 2022 பிப்ரவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தத்தோடு அதை இணைக்க வேண்டும். எங்கள் படிவத்தில் கூரை, வயரிங், குழாய், கட்டிட அமைப்பு எல்லாவற்றுக்கும் குறை எதுவும் தெரியாது என்று டிக் போட்டிருக்கிறார். காங்கிரீட் பழுதுக்காக லெவி போடச் சொல்லி வழிமொழிந்த அதே மனிதர்! ஒப்பந்தத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று ஒரு ஷரத்து இருக்கும்; இருக்கிற நிலையிலேயே விற்கிறேன் என்று பொருள். அதைக் காட்டித்தான் நம்மை வாயடைக்கப் பார்ப்பார்கள். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த ஷரத்து பாதுகாப்பு தராது. எங்கள் வக்கீல் அந்த மினிட்ஸை வைத்துத்தான் விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஏஜென்ட் மேல் சொத்து ஏஜென்ட்களுக்கான ஒழுங்குமுறை ஆணையத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பாடி கார்ப்பரேட்டோடு தகராறு என்றால் அதற்கு கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஆம்பட் சர்வீஸ் என்ற அரசு அமைப்பு தனியாக இருக்கிறது. ஏஜென்ட் ஏமாற்றியதற்கு அங்கே போய்ப் பயனில்லை.

சாட்ஸ்வொர்த்தில் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் பல வருடம் ஒரு கட்டிடத்தில் டிரஸ்டியாக இருந்தவர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது லிஃப்டைப் பற்றி இல்லை. "எத்தனை பேரும்மா லெவி கட்டலை?" என்றார். மற்றவர்கள் கட்டாவிட்டால் கட்டுகிறவர்கள் மேல்தான் அந்தப் பாரமும் ஏறும். பல பழைய கட்டிடங்களில் தண்ணீருக்கு முனிசிபாலிட்டியின் மீட்டர் மொத்தக் கட்டிடத்துக்கும் ஒன்றுதான். "பாடி கார்ப்பரேட் பில் கட்டலேன்னா, நீ கட்டியிருந்தாலும் உன் தண்ணியும் சேர்ந்துதான் நிக்கும்மா" என்றார். அவர் சொல்லித்தான் எதையெதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். கடைசி இரண்டு வருடப் பொதுக்கூட்ட மினிட்ஸ், தணிக்கை செய்த கணக்கு, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம், பெரிய பழுதுகளுக்கென்று சேர்க்கும் ரிசர்வ் ஃபண்டில் இருக்கும் தொகை, லெவி பாக்கியின் மொத்தம், முனிசிபாலிட்டிக்கு உள்ள கடன். பராமரிப்புத் திட்டமும் ரிசர்வ் ஃபண்டும் சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவை. இல்லை என்று சொல்லும் கட்டிடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

வாங்கும் ஒப்பந்தத்தை இங்கே ஓடிபி (ஆஃபர் டு பர்ச்சேஸ்) என்பார்கள். முன்பதிவு ஃபார்ம் மாதிரி நீட்டுவார்கள். இரண்டு பக்கமும் கையெழுத்தானால் அதுவே முழு ஒப்பந்தம். ஐந்து வேலை நாளுக்குள் மனம் மாறி விலகும் உரிமை 2,50,000 ராண்ட் வரைக்குமான வீட்டுக்குத்தான். அதற்கு மேல் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று ஏன் நெருக்குகிறார்கள் என்று இப்போது புரியும்.

இன்னும் சில விஷயங்கள். ஏஜென்டிடம் தொழில் செய்வதற்கான அனுமதி, அதாவது நடப்பில் உள்ள ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதவருக்குக் கமிஷன் வாங்கவே உரிமை இல்லை. வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால், காலி செய்தபின் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். 12,10,000 ராண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) இல்லை என்பது உண்மைதான், ஆனால் கன்வேயன்சர் ஃபீஸும் பதிவுக் கட்டணமும் உண்டு. வீடு வாங்கினால் இங்கே தங்க விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விசா இந்த நாட்டில் இல்லை.

இந்தியாவிலிருந்து பணம் வருகிறதென்றால், இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுப் பணத்தில் வாங்குகிற நான்-ரெசிடென்ட் என்றால், பணம் வந்ததற்கான வங்கி ரசீதைப் பத்திரப்படுத்தி, பத்திரத்தில் நான்-ரெசிடென்ட் என்று குறிக்கச் சொல்லுங்கள். நாளை விற்றுப் பணத்தைத் திரும்ப எடுத்துப்போக அது வேண்டும்.

கன்வேயன்சரின் வங்கி விவரம் ஈமெயிலில் வந்தால் அப்படியே பணம் போட்டுவிடாதீர்கள். 2019-இல் ஒரு பெண்மணி வீடு வாங்கும்போது, இடையில் ஈமெயிலை மாற்றிய திருடர்களின் கணக்குக்கு 55 லட்சம் ராண்ட் போய்விட்டது. வக்கீல் நிறுவனம் அந்தப் பணத்தைத் தர வேண்டும் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. 2024-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நேரில் போய் வாங்குங்கள், அல்லது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பரில் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

ஓடிபியில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இதுவரை தீர்மானித்த ஸ்பெஷல் லெவியின் மீதித் தவணை முழுவதையும் விற்பவர் டிரான்ஸ்ஃபருக்கு முன் கட்ட வேண்டும் என்று ஒன்று. மினிட்ஸையும் கணக்கையும் வாங்குபவர் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே ஒப்பந்தம் செல்லும் என்று இன்னொன்று. இதற்கு முடியாது என்றால் அந்த வீடு வேண்டாம்.

எங்கள் கட்டிடத்தில் ஆறாவது மாடி வீடு ஒன்று இந்த வாரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே ஏஜென்ட்தான். விளம்பரத்தில் லெவி 2,350 என்றே போட்டிருக்கிறார். பார்க்கப் போகிறவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மினிட்ஸ் நகல் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.