ஏப்ரல் சீசனில் வாங்கிய நாலு ரோசாக் கன்று

தேயிலை நர்சரியில் முப்பது வருஷம் கங்காணியாக இருந்தவன் நான். கன்று வாங்கப் போனால் பூவைப் பார்க்க மாட்டேன், பொலித்தீன் பையின் அடியைத்தான் முதலில் அமுக்கிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனே போனதுக்கு முந்தின வருஷம் ஏப்ரல் சீசனில் நுவரெலியா வீதியோரக் கடையொன்றில் பூவில் மயங்கி நாலு ரோசாக் கன்று வாங்கினேன். ஒன்று 650 ரூபாய். கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

மூன்று, பெரிய பூப் பூக்கும் ஒட்டுக்கன்றுகள்: சிவப்பு, மஞ்சள், ஊதா. நாலாவது பன்னீர் ரோசா, கம்பு நட்டு வேர்விட்டது. "அது சும்மா நாட்டு ரோசா மாமா, இன்னொரு சிவப்பு எடுங்க" என்றான் கடைப் பையன்.

ஜூனில் மழை பிடித்தது. தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை இறங்கினால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். ஒட்டுக்கன்று மூன்றிலும் கரும்புள்ளி விழுந்து இலை கொட்டியது. கடையில் போய்க் கேட்டால் மருந்துப் பொட்டலத்தை நீட்டி, பத்து நாளுக்கு ஒருக்கால் அடிக்கச் சொன்னார்கள். இதழைத் தின்பதற்கு வளர்க்கும் செடிக்கு விஷமா? வேண்டாம் என்று வந்துவிட்டேன். மஞ்சளும் ஊதாவும் செத்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பைக்குள் கயிறு மாதிரிச் சுற்றிக் கிடக்கிறது. எங்கள் நர்சரியில் இப்படியொரு கன்றைத் தேயிலை மலைக்கு அனுப்பியிருந்தால் தோட்டத் துரை என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

சிவப்பின் ஒட்டும் கருகியது. ஆனால் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு தளிர் வெறி பிடித்த மாதிரி ஏறியது. ஒரு இலையில் ஏழு, ஒன்பது சிற்றிலை. காம்பின் அடியில் சீப்புப் பல் போல விளிம்பு. மல்டிஃப்ளோரா என்கிற ஜப்பான், கொரியாப் பக்கத்துக் காட்டு ரோசா அது. ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வைப்பார்கள். வெட்டி எறியச் சொன்னார் கடைக்காரர். நான் விட்டுவைத்தேன். இந்த மார்ச்சில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஐந்தே இதழ் என்பதால் தேனீ நேரே மகரந்தத்தில் போய் உட்காருகிறது. பிறகு மிளகைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புக் காய். கொண்டைக்குருவிகளுக்குத் திருவிழா.

அந்தக் காயைக் காயவைத்து ஒரு கைப்பிடி அவித்துக் குடித்தேன். இரவு மூன்று தடவை ஓட்டம். ஜப்பானில் இதைப் பேதிக்குத்தான் கொடுப்பார்களாம், பேத்தி பிறகு போனில் தேடிச் சொன்னாள். வைட்டமின் சிக்குப் பேர்போன காய் வேறு சாதியில். இரண்டாம் உலகப் போரில் தோடம்பழம் வராமல் போனபோது இங்கிலாந்தில் வேலியோரம் பொறுக்கிப் பாணி காய்ச்சியது அதில்தான். "நமக்கு நெல்லிக்காய் இருக்கே" என்று வீட்டுக்காரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கொடியின் நுனி மண்ணைத் தொட்டாலே வேர்விடுகிறது, விதையைக் குருவி கொண்டுபோகிறது. அமெரிக்காவில் வேலிக்கென்று பரப்பிவிட்டு இப்போது களையென்று அழிக்கிறார்கள். என் வேலிக்கு வெளியே தேயிலை, புல்வெட்டு தவறாது. காட்டோரம் வீடு இருப்பவர்கள் வைக்க வேண்டாம்.

சரி, பன்னீர் ரோசா. தேயிலை மண் புளிப்பு என்பதால் குழியில் ஒரு கை டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டேன், மாட்டெரு வைத்தேன், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக மருந்தே அடிக்காமல் பூக்கிறது. இதழும் சீனியும் மாறி மாறி அடுக்கி, போத்தலை வெயிலில் வைத்தால் குல்கந்து. எங்கள் வெயிலுக்கு ஜன்னலோரம் ஒரு மாதம் ஆனது. சூட்டுக்கு நல்லதென்று நான் ஒரு கரண்டி சாப்பிடுகிறேன், பேத்தி பாணில் பூசிப் போத்தலையே காலி பண்ணுகிறாள்.

அந்த மாதிரிக் கடைக்குப் போகலாம். முன்வரிசையைத் தாண்டி, பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் பக்கம் கம்பு நட்ட கன்றுகள் இருக்கும். பையின் அடி கல்லாக இருந்தால் வாங்காதீர்கள். போன மாதம் போய் இன்னும் மூன்று பன்னீர் ரோசா எடுத்தேன். இந்த முறை பையன் சிவப்பைக் காட்டவே இல்லை.