கேட்டுவிட்டுக் கழித்துக்கட்டுவதா, கேட்டுவிட்டுத் தொடாமல் விடுவதா?

மூன்று கேம்களின் முடிவும் இதில் வந்துவிடும், இன்னும் விளையாடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாய்ஸ் வைத்துக் கதை சொல்லும் கேமுக்கு இரண்டாம் பாகம் வந்தாலே எல்லோரும் சொல்கிற குறை ஒன்றுதான்: எதைத் தட்டினாலும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தி வாக்கிங் டெட் சீசன் 2, லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2, லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்: டபுள் எக்ஸ்போஷர் மூன்றையும் அடுத்தடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தபோது எரிச்சல் மூன்றிலும் ஒரே மாதிரி வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், பழைய சாய்ஸை மிகக் குறைவாகத் தொட்ட கேம் மேல்தான் எனக்குக் கோபமே வரவில்லை.

வாக்கிங் டெட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 2013 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் சீசனில் நாம்தான் கிளெமென்டைன், நடைபிணங்கள் நிறைந்த உலகில் தப்பிப் பிழைக்கும் 11 வயதுச் சிறுமி. முதல் எபிசோடிலேயே காட்டுக்குள் ஒரு பீன்ஸ் டின் கிடைக்கிறது, கூடவே வந்த நாய் அதையே பார்க்கிறது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தாலும் பாயும், கொடுக்காவிட்டாலும் பாயும், கையில் கடி வாங்காமல் கதை நகராது. அந்தக் கடியை அவளே ஊசி நூல் எடுத்துத் தைக்கிற காட்சி இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பட்டனை அழுத்தினேன், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் சீசன் முழுக்க இந்த நாய்க்கடி வேலைதான் நடக்கிறது. கூட்டாளி நிக்கை இரண்டாம் எபிசோடில் காப்பாற்றினால் நான்காம் எபிசோடில் வேலியில் சிக்கிய நடைபிணமாக நிற்கிறான். கூட வந்த சாரா என்ற பெண்ணை டிரெய்லர் வீட்டிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்தால், அதே எபிசோடில் மரத்தளம் உடைந்து விழுந்து சாகிறாள். நாம் காப்பாற்றியது என்பது கொஞ்ச நேரம் வாய்தா வாங்கியதுதான்.

நியாயமாகப் பார்த்தால் 2012-இல் வந்த முதல் சீசனும் இதையேதான் செய்தது. டக்கா கார்லியா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு ஒருவரைக் காப்பாற்றினோமே, யாராக இருந்தாலும் மூன்றாம் எபிசோடில் கூட இருந்த லில்லியின் துப்பாக்கிக்குத்தான் பலி. அப்போது ஏன் உறுத்தவில்லை? கதாநாயகன் லீயாக நாம் பேசியதையெல்லாம் பக்கத்தில் ஒரு சிறுமி கேட்டுக்கொண்டு நின்றாள், கதை மாறாவிட்டாலும் அவள் பார்க்கிறாளே என்ற கூச்சம் இருந்தது. இரண்டாம் சீசனில் அந்தச் சிறுமியே நாம் ஆகிவிட்டோம், நம்மைப் பார்க்க ஆள் இல்லை. பார்க்கிற கண் போனதும் தச்சு வேலையின் ஆணியெல்லாம் வெளியே தெரிகிறது.

ஆனாலும் கடைசி எபிசோடில் கூட்டாளிகளில் கென்னியா ஜேனா என்று கேட்டு, உண்மையிலேயே வேறு வேறு முடிவுகள் கொடுத்தார்கள். அதையும் மூன்றாம் சீசன் வந்து துடைத்துவிட்டது. கென்னியோடு போனீர்களா, கார் விபத்து. ஜேனோடு போனீர்களா, அவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். இரண்டுமே சில நிமிட ஃபிளாஷ்பேக்கில் முடிந்தது, மிச்சம் கிளெமென்டைன் உடம்பில் ஒரு தழும்பு மட்டும். கென்னி என்றால் நெற்றியில், ஜேன் என்றால் கையில், தனியாகப் போயிருந்தால் ஒரு விரலே இல்லை. அத்தனை மணி நேரம் உட்கார்ந்ததற்கு ஒரு தழும்பு!

எழுதுகிறவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வழியுள்ள சாய்ஸ் பத்து வைத்து, எதையும் திரும்பச் சேர்க்காமல் விட்டால் 1,024 கதை. ஒவ்வொன்றுக்கும் குரல், அனிமேஷன், சோதனை. எந்த ஸ்டுடியோவும் தாங்காது. அதனால் பிரித்த வாய்க்காலை அடுத்த வயலில் சேர்த்தே ஆக வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. சேர்க்கிற விதத்தில்தான் சண்டை.

டபுள் எக்ஸ்போஷர் (2024) சேர்த்த விதம் மூன்றிலும் மோசம். 2015-இல் வந்த முதல் லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச், நாயகி மேக்ஸாக விளையாடும் நம்மிடம் கடைசியில் ஒரே கேள்வி கேட்டது: யாரைக் காப்பாற்றுவது, உயிர்த்தோழி க்ளோயியா, ஆர்கேடியா பே ஊரா? இதிலும் ஆரம்பத்திலேயே தோழி சஃபியோடு பேச்சுவாக்கில் அதே கேள்வி வருகிறது, க்ளோயி காதலியா தோழியா என்றுகூடக் கேட்டுக்கொள்கிறார்கள். சரி, பெரிதாக ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு ஊரையே பலி கொடுத்துக் காப்பாற்றிய க்ளோயி பிரிந்து போய்விட்டாளாம். போனில் மெசேஜ், பதிவு என்று தலை காட்டுவதோடு சரி, நேரில் வருவதே இல்லை. காப்பாற்றாவிட்டால் செத்துப்போனவள், காப்பாற்றினால் விட்டுப்போனவள். வெர்மான்ட் கல்லூரியின் பனியும், சஃபி உயிரோடு ஒன்று, இறந்து ஒன்று என இரண்டு உலகத்துக்கு நடுவே மேக்ஸ் மாறி மாறிப் போவதும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பந்தியில் உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு இலையை எடுத்தால் எப்படி இருக்கும்? பசியைவிட அந்தக் கேள்விதான் வலிக்கும்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2-உம் ஆரம்பத்தில் அதே ஊரா க்ளோயியா கேள்வியைக் கேட்கிறது. ஆனால் அதன் கதை வேறு: தந்தை போலீஸ் குண்டுக்குப் பலியானதும் சியாட்டிலிலிருந்து மெக்சிகோவுக்குத் தப்பி ஓடும் அண்ணன் தம்பி, ஷானும் டேனியலும். வழியில் ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் ஆர்கேடியா பே தெரியும், நீங்கள் விட்டபடியே, ஊராகவோ இடிபாடாகவோ. கடைசி எபிசோடில் க்ளோயியின் மாற்றாந்தந்தை டேவிட் வருகிறார், ஊரைப் பலி கொடுத்தவர்களுக்கு அவரிடம் க்ளோயியும் மேக்ஸும் சேர்ந்து இருக்கிற ஒரு போட்டோ. அவ்வளவுதான். நான் செய்ததை யாரும் வந்து கெடுக்கவில்லை.

தன் சொந்தச் சாய்ஸ்களில் அது வாக்கிங் டெட்டின் பழைய தந்திரத்தையே எடுத்து இன்னும் ஆழமாகக் கொண்டுபோகிறது. பெட்ரோல் பங்க் கடையில் பசியோடு நிற்கும்போது ஷான் திருடலாம், திருடாமல் இருக்கலாம், தம்பி பார்த்துக்கொண்டே இருக்கிறான். இப்படி அஞ்சும் பத்துமாகச் சேர்ந்தது எல்லைச் சுவரில் வந்து நிற்கிறது. சரணடையலாம் என்று நான் முடிவு செய்தேன், டேனியல் கேட்கவில்லை. நான் வளர்த்த லட்சணம், அவன் பொருட்களை மனதால் நகர்த்தும் தன் சக்தியால் காரை எல்லை தாண்டவைத்தான், ஷான் குண்டடிபட்டுச் செத்தான். இங்கேயும் கடைசி சாய்ஸ் இரண்டே இரண்டுதான். ஆனால் அவன் எப்படி வளர்ந்தான் என்பதும் சேர்ந்து முடிவு நான்காகிறது. திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரையும் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதானால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2. வாக்கிங் டெட் சீசன் 2 விளையாடுங்கள், ஒரே ஒரு தடவை, சேவ் ஃபைலை மூன்றாம் சீசனுக்குக் கொண்டுபோகாமல். டபுள் எக்ஸ்போஷரை, ஊரைக் காப்பாற்றியவர்கள் நிம்மதியாக வாங்கலாம். க்ளோயியைக் காப்பாற்றியவர்கள் பாதி விலைத் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருங்கள், ஆரம்பத்தில் சஃபி கேட்கும்போது வேண்டுமானால் பொய் சொல்லிக்கொள்ளலாம்.