நாம் படுத்துவிட்டால் குதிரையை யார் பார்ப்பது? வீட்டுக்கே வரும் குதிரைக்காரர் சேவை பற்றி

வீட்டில் ஒன்றிரண்டு குதிரை மட்டும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பண்ணைகளில் சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். நாமே புல் அறுத்து, நாமே லத்தி அள்ளி, நாமே ஏறி ஓட்டுகிற ஆட்களுக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தாலே திண்டாட்டம்தான். எனக்கு வந்தது குடலிறக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தண்ணீர் வாளி, புல்கட்டு, லத்தி கூடை எல்லாமே அதில் அடக்கம். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது குதிரை வெடுக்கென்று ஒரு இழு இழுத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு காத்தியவார் பெட்டை, பெயர் சித்திரை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடும் அந்த ஜாதி. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. தெரிந்தவர்களிடம் நன்றாக இருக்கும், புது ஆள் பின்னங்காலைத் தொட்டால் தூக்கிவிடும். அதனால் யாரை நம்பி விடுவது என்பது எனக்கு ஆபரேஷனைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

முதலில் நினைத்தது பக்கத்துத் தோட்டத்துக்காரரை. நல்ல மனிதர், பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவர், கேட்டால் மறுக்கவே மாட்டார். ஆனால் மாடு பார்த்த கை குதிரைக்கு அப்படியே சரிப்படாது, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கு நாலு அறை இரைப்பை, அசைபோடும். குதிரைக்கு இருப்பது ஒரே சின்ன இரைப்பை, பத்துப் பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். இரைப்பையின் வாயில் இருக்கும் தசை இறுக்கமாக மூடிக்கொள்வதால் வாந்தி எடுக்கவும் முடியாது. லேசாகப் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே தாக்கிக் கொன்றுவிடும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின் என்ற மருந்து கலப்பார்கள், அது அவற்றுக்கு மருந்து, குதிரைக்கு விஷம். கொஞ்சம் உள்ளே போனாலே இதயத் தசை கெட்டுவிடும். ‘தீவனம் தீர்ந்துபோச்சு, நம்ம மாட்டுக்கு வெச்சிருந்ததுல ரெண்டு படி போட்டேன்’ என்று அன்போடு செய்கிற உதவி எங்கே கொண்டுபோய் விடும் என்று நினைத்துப் பார்த்து அந்த யோசனையை விட்டேன்.

அடுத்தது, கோயம்புத்தூர் பக்கம் மாதக் கட்டணத்துக்குக் குதிரையை விட்டுவைக்கும் ஒரு பண்ணை. நேரில் போய்ப் பார்த்தேன். லாயம் சுத்தமாக இருந்தது, மணல் போட்ட மைதானம், நல்ல காற்றோட்டம், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கொடுக்கும் தீவனத்தைத்தான் முதல் நாளிலிருந்து கொடுப்பார்களாம், நாம் கொண்டுவருவதைக் கலந்து கலந்து மாற்ற ஆள் இல்லையாம். குதிரைக்குத் தீவனம் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாள் வைத்து, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டித்தான் மாற்ற வேண்டும். பெருங்குடலில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் புதுசுக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் வயிற்றுவலியில்தான் முடியும். அதோடு வண்டியில் ஏற்றி இறக்குவது, புது இடம், புதுக் குதிரைகள், அவற்றிடமிருந்து ஒட்டக்கூடிய தொண்டைக்கட்டி நோய். உரிமையாளர் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாத நிலை என்றால் இதுதான் வழி, வேறில்லை. ஆறு வாரத்துக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் கிடைத்தவர்கள்தான் இந்த அப்பாவும் மகனும். கடையோ போர்டோ கிடையாது, குதிரை வைத்திருப்பவர்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் எனக்கும் தெரியவந்தது. எண்ணைப் பொதுவில் போட அவர்களிடம் நான் கேட்கவில்லை, அதனால் இங்கே போட மாட்டேன். கோபிச்செட்டிபாளையம், அந்தியூர் சுற்றுவட்டாரத்தில் குதிரைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா இளவயதில் ஊட்டி ரேஸ் சீசனில் லாய வேலை பார்த்தவர். மகன் லாடமும் கட்டுவார். காலையிலும் மாலையிலும் வீட்டுக்கே வந்து தீவனம், தண்ணீர், லாயம் சுத்தம், குளம்பு, உடம்பு தேய்ப்பது எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். கூலி, எங்கள் பக்கம் தோட்ட வேலைக்குக் கொடுக்கும் நாள் கூலியைவிடக் கொஞ்சம் கூட. தீவனம் நம்முடையது.

இவர்களிடம் எனக்கு முதலில் பிடித்தது, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே ஒரு நாள் வந்து சும்மா நின்று பார்த்தது. நான் எப்படித் தீவனம் வைக்கிறேன், எந்தப் பக்கம் நின்று கயிறு மாட்டுகிறேன், எந்தக் காலை முதலில் தூக்குகிறேன் என்று பெரியவர் ஒன்றும் பேசாமல் கவனித்தார். பிறகு தீவன டப்பாவைக் கேட்டு வாங்கி, கொண்டுவந்திருந்த கொக்கித் தராசில் தொங்கவிட்டார். கொள்ளு ஒரு டப்பா, தவிடு ஒரு டப்பா என்று நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதே டப்பாவில் கொள்ளு தவிட்டைவிட எவ்வளவோ எடை கூட. “டப்பாக் கணக்கு வேண்டாமுங்க, எடை போட்டுச் சொல்லுங்க, பையன் வந்தாலும் மாறாது” என்றார். எடையை எல்லாம் கரியால் லாயத்துச் சுவரிலேயே எழுதி வைத்தார்.

அடுத்து அவர் கேட்டதுதான் ஆளை எனக்குக் காட்டிக்கொடுத்தது. “ஓட்டறது யாருங்க இந்த ஆறு வாரமும்?” யாரும் இல்லை, கயிற்றில் பிடித்து நடத்துவது மட்டும்தான் என்றேன். அப்படியானால் நாளையிலிருந்தே கொள்ளைப் பாதியாகக் குறைக்க வேண்டும், புல்லைக் கூட்ட வேண்டும் என்றார். வேலை இல்லாமல் நிற்கிற குதிரைக்கு வேலை செய்கிறபோது கொடுத்த அதே தானியத்தைக் கொடுத்துவந்து, பிறகு ஒரு நாள் திடீரென்று ஓட்டினால் தொடைத் தசை கல்லாக இறுகி, நகர முடியாமல் வியர்த்து நிற்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இழுவைக் குதிரைகள் இருந்த காலத்தில் ஞாயிறு ஓய்வு கொடுத்துத் திங்கள் காலை வண்டியில் பூட்டும்போது இப்படி வரும் என்பதால் மேல்நாட்டில் அதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். தானியம் அளவுக்கு மிஞ்சினால் குளம்புக்குள் வீக்கம் வரும் ஆபத்தும் உண்டு. உரிமையாளர் படுத்திருக்கும்போது குதிரை பட்டினியால் கெடுவதைவிட, பாவம் பார்த்து அதிகமாகப் போட்டுக் கெடுவதுதான் நான் கேள்விப்பட்டவரை அதிகம். இதை நான் சொல்லாமல் அவராகக் கேட்டார். அந்த இடத்திலேயே எனக்குப் பாதி நிம்மதி.

தினசரி வேலை எப்படி என்றால், குதிரை உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை காய்ந்த எடைக் கணக்கில் தின்ன வேண்டும். சித்திரை எடைக்கு அது நாளொன்றுக்கு ஆறேழு கிலோ வரும். பச்சைப்புல்லில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் கோ-4 என்ற நேப்பியர் வகைப் புல்லாகப் போட்டால் பல மடங்கு எடை போட வேண்டும். இதை ஒரே வேளையில் கொட்டினால் பிரயோஜனம் இல்லை. குதிரையின் இரைப்பையில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும், வயிறு மணிக்கணக்கில் காலியாக இருந்தால் புண் வரும். இரண்டு வேளை மட்டும் ஆள் வரும் ஏற்பாட்டில் இதுதான் பெரிய சிக்கல். அவர்கள் கொண்டுவந்த யோசனை, சின்னக் கண் வலை. மாலையில் போகும்போது காய்ந்த புல்லை அதில் திணித்துக் கட்டிவிடுவார்கள், குதிரை இணுக்கு இணுக்காக இழுத்துத் தின்பதால் நள்ளிரவு தாண்டியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வலையைக் குதிரையின் கண்மட்டத்துக்குக் கட்ட வேண்டும், காலியானதும் தொங்கிக் கீழே வந்தால் குளம்பு மாட்டிக்கொள்ளும். அதையும் அவர்களே பார்த்துக் கட்டினார்கள். தண்ணீருக்கு ஒரு தொட்டிக்குப் பதில் இரண்டு வைக்கச் சொன்னார்கள், ஒன்றைக் குதிரை கவிழ்த்துவிட்டாலும் இன்னொன்று இருக்கும். வெயில் காலத்தில் நாற்பது லிட்டருக்கு மேலேயே குடிக்கும். பக்கத்தில் ஒரு கல் உப்புக் கட்டி.

குதிரை மசால் என்ற பசுந்தீவனத்தை (லூசர்ன் என்பார்கள்) வாரத்தில் சில நாள் சேர்ப்பதும் பெரியவர் சொன்னதுதான். நேப்பியர் வகைப் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் மட்டுமே தொடர்ந்து போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், குதிரைக்கு எலும்பு கெடும். குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய.

ஆனால் தீவனம் வைப்பது யாரும் செய்யக்கூடியதுதான். நான் கொடுத்த காசு அதற்கு இல்லை. பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் கொடுத்தேன். தினமும் காலை வந்ததும் பெரியவர் முதலில் குதிரையைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். ராத்திரி எத்தனை இடத்தில் லத்தி போட்டிருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, காய்ந்து சளி பூசின மாதிரி இருக்கிறதா, வைக்கோல் விரிப்பு புரண்டு கலைந்திருக்கிறதா. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை லத்தி போடுவது வழக்கம். இரவு முழுக்க ஒன்றிரண்டுதான் என்றால் அன்றைக்குத் தானியம் கிடையாது, தண்ணீர் குடித்ததா என்று பார்ப்பார், நடத்திப் பார்ப்பார், விலாவில் காது வைத்துக் கேட்பார். குடல் சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். லத்தியைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார்கள். படுக்கையில் இருந்தவனுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு எதுவும் இல்லை.

ஒரு நாள் மாலை போட்டோ வரவில்லை, போன் வந்தது. சித்திரை தீவனத்தைத் தொடவில்லை, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கிறது, முன்னங்காலால் தரையைச் சுரண்டுகிறது. எல்லாம் வயிற்றுவலியின் அறிகுறி. தீவனத்தை எடுத்துவிட்டு, நாடி எண்ணி, ஈறு நிறம் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ஓய்வாக இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு இருபத்தெட்டு முதல் நாற்பத்து நாலு வரை நாடி இருக்கும், அன்றைக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தமிழ்நாடு முழுக்கக் கால்நடை அவசரத்துக்கு 1962 என்ற எண் இருக்கிறது. எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பக்கத்திலேயே கிடைத்ததால் அவரே வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் கொடுத்தார், இரவு பத்துக்குள் லத்தி போட்டுவிட்டது. அதுவரை பெரியவர் வீட்டுக்குப் போகவில்லை, அந்த நேரத்துக்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. தானாக எந்த ஊசியும் மருந்தும் போட மாட்டோம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்கள், அன்றைக்கும் அதில் நின்றார்கள். கையிலிருக்கும் வலி ஊசியைப் போட்டுவிட்டுப் போகிற ஆட்களையும் எனக்குத் தெரியும், வலி மறைந்துவிட்டால் டாக்டருக்கு நிலைமை புரியாமல் போய்விடும்.

குறைகளும் உண்டு. மாலை நேரம் ஒழுங்கில்லை, ஐந்தரை என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வந்த நாட்கள் இருந்தன. குதிரை நேரத்துக்குப் பழகிய ஜீவன், ஆறு மணிக்கெல்லாம் கதவை உதைக்க ஆரம்பித்துவிடும், உள்ளே படுத்திருக்கிற நாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இரண்டாவது, இருவருக்கும் முடியாத ஒரு நாளில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு பையனை அனுப்பினார்கள். நல்ல பையன்தான், ஆனால் குதிரையின் பின்பக்கமாகச் சத்தம் கொடுக்காமல் போனான். ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம். மாற்று ஆள் யார் என்று முதல் நாளே கேட்டு, அவரையும் ஒரு தடவை குதிரையிடம் அழைத்துப்போய் நிறுத்துங்கள். உடம்பு தேய்ப்பது மகன் வரும் நாட்களில் பேருக்குத்தான். ஆனால் குளம்பை இருவரும் ஒரு நாளும் விட்டதில்லை. அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியின் இருபுறப் பள்ளத்தையும் சுரண்டி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள், அழுகல் வாடை வருகிறதா என்று. மழைக்காலத்தில் இதை விட்டால் சீக்கிரமே அழுக ஆரம்பித்துவிடும்.

ஆபரேஷன் ஆனவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: தையல் ஆறும்வரை லாயத்துக்குள் போகாதீர்கள். குதிரை லத்தியில் டெட்டனஸ் கிருமி சர்வசாதாரணம். ஊசி போட்டிருந்தாலும் திறந்த புண்ணோடு அங்கே நிற்கக் கூடாது. நான் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரைக்கும் வருஷத்துக்கு ஒரு முறை டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அவர்கள் முதல் நாளே அதற்கான அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

என் மார்க்கு ஐந்துக்கு நாலு. இப்போது எனக்குச் சரியாகிவிட்டது, ஆனாலும் வாரம் இரண்டு நாள் அவர்களை வரச் சொல்லியிருக்கிறேன், சித்திரைக்கு அவர்களைத் தொடர்ந்து பழக்கத்தில் வைத்திருக்க. ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள். ஆடி மாதம் அந்தியூர் சந்தை நடக்கும் நாட்களில் இருவரும் அங்கேதான் இருப்பார்கள், எவ்வளவு கூலி கொடுத்தாலும் வர மாட்டார்கள். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் அந்த வாரத்தை விட்டு டாக்டரிடம் தேதி கேளுங்கள்.