2டியா, 3டியா? மன்னார்க் கடலடியில் எரிவாயு தேடிய கதை

கடலடியில் எரிவாயு தேடும் கப்பல், அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் படீரென்று விடும். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒலியை, பின்னால் கிலோமீட்டர் கணக்கில் இழுபடும் கேபிள் பதிவுசெய்யும். 2டி சர்வேயில் ஒரே கேபிள்தான். கப்பல் போன கோட்டுக்குக் கீழே ஒரு குறுக்குவெட்டு கிடைக்கும். அடுத்த கோடு சில கிலோமீட்டர் தள்ளி. நடுவில் இருப்பது வரைபவரின் ஊகம். 3டியில் பத்துப் பன்னிரண்டு கேபிள்கள் வரிசையாக வரும், ஊகத்துக்கு வேலை குறைவு.

இடைவெளியைக்கூட மன்னிக்கலாம். 2டியின் பெரிய வம்பு வேறு. பக்கத்துச் சரிவில் பட்ட எதிரொலியும் கோட்டுக்கு நேர் கீழிருந்து வந்தது போலவே பதிவாகிவிடும். படத்தில் வாயு தேங்கக்கூடிய அழகான மேடு இருக்கும். துளை போட்டால் இருக்காது. 3டியில் அந்த எதிரொலியைக் கணக்குப் போட்டு அதன் சொந்த இடத்தில் வைக்கலாம்.

அப்புறம் ஏன் இன்னும் 2டி? செலவு. முன்பின் தெரியாத பெரிய கடற்பரப்பில் எடுத்தவுடன் 3டிக்குப் போவது பணத்தைக் கடலில் கொட்டுவதுதான். இலங்கையின் மன்னார்ப் படுகையில் 2001-இல் 2டி எடுத்தார்கள். பிறகு கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனம் சுமார் 1,750 சதுர கிலோமீட்டருக்கு மட்டும் 3டி எடுத்தது. 2011-இல் டொராடோ, பாரகூடா என இரண்டு கிணறுகளில் எரிவாயு. அதே ஆண்டு தோண்டிய மூன்றாவது கிணறு, டொராடோ நார்த், வாயு இல்லாமல் வறண்டது. 3டி கையில் இருந்தும்தான்!

காரணம், சில சங்கதிகளை 2டி, 3டி இரண்டுமே சொல்லாது. மணற்கல்லில் வாயு புகுந்தால் ஒலியின் வேகம் குறைந்து, எதிரொலி படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் சொற்ப வாயு இருந்தாலும் கிட்டத்தட்ட அதே பளிச்தான். அடுக்கின் கனமும் அப்படியே: 30 ஹெர்ட்ஸ் அலை வினாடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் போனால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டரைவிட மெல்லிய அடுக்கின் மேல்முகமும் அடிமுகமும் பிரிந்து தெரியாது. எனக்குக் கிணறு வெட்டும் பொறுப்பு இருந்தால், 2டியை மட்டும் நம்பி வெட்ட மாட்டேன். 3டி இருந்தால் வெட்டுவேன், வறண்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

4டி என்றும் ஒன்று உண்டு. வாயு எடுக்க எடுக்க வயல் எப்படி மாறுகிறது என்று பார்க்க, சில ஆண்டுகள் விட்டு அதே இடத்தில் திரும்ப எடுக்கும் 3டி. மன்னாரில் அதற்கு இன்னும் வேலை வரவில்லை; கெய்ர்ன் கிளம்பிவிட்டது, வாயு கீழேயேதான் இருக்கிறது.